கீழாநெல்லியைத் தேடி தாமிரபரணிக் கரையில்

செவ்வாய், பாளையங்கோட்டை

பொதிகை மலைக்கு மூலிகை பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. வயல் வரப்பில் மூலிகை பார்க்கப் போகிறேன் என்றால், எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த அண்ணாச்சியும் அப்படித்தான் கேட்டார். கீழாநெல்லி என்று சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "அது எங்க வீட்டு வாசல்லயே கெடக்குமே தாயி" என்று தொடங்கியவர், தம்பிக்குக் காமாலை வந்தது, அம்மா அரைத்துக் கொடுத்தது, உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க முடியாமல் தம்பி அழுதது என்று கோவில்பட்டி தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார். மூலிகையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பவர்களிடம்கூட "காமாலைக்குக் கீழாநெல்லி" என்ற ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் கவலை. அதோடு சேர்ந்து வந்த மற்ற வரிகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டு எழுதத்தான் கிளம்பி வந்திருக்கிறேன். கார்த்திகை மாதம், வடகிழக்கு மழை விட்டு விட்டுப் பெய்கிறது, பிசான நெல் நடவு முடிந்து களையெடுப்பு நடக்கிறது. இந்தச் செடியைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதல் வேலையாக பாளையங்கோட்டை. 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. காலையிலேயே புறநோயாளிகள் வரிசை நீளமாக நின்றது, கையில் வெறும் பாட்டிலோடு கஷாயம் வாங்க வந்தவர்கள்தான் பாதி. எனக்குத் தெரிந்த ஒரு சித்த மருத்துவர் இந்த ஊரில் இருக்கிறார், சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். காமாலை பற்றிக் கேட்பதற்கு முன்னால் முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று தோட்டத்திலிருந்து மூன்று செடிகளைப் பிடுங்கி வந்து திண்ணையில் வைத்தார்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றும், பழகாத கண்ணுக்கு. முதலாவது கீழாநெல்லி. தண்டு நேராக முழங்கால் உயரம் வரை போகிறது, அதிலிருந்து மெல்லிய பக்கக் கிளைகள், அந்தக் கிளைகளில் மட்டும் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். கிளையைத் திருப்பிப் பிடித்தால் அடிப்பக்கத்தில் கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. காயின் தோல் வழவழப்பு, அதற்கு ஒரு சின்னக் காம்பும் உண்டு. ஒவ்வொரு காயிலும் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, முற்றினால் வெடித்துத் தெறித்துவிடும். அதனால்தான் ஒரு செடி இருந்த இடத்தில் அடுத்த மழைக்கு ஒரு கூட்டமே நிற்கிறது. இரண்டாவது, தண்டு சிவந்திருக்கும் செங்கீழாநெல்லி. இதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது மேலாநெல்லி. இதில் நடுத்தண்டிலேயே இலை இருக்கும், இலையும் அடியில் குறுகி நுனியில் அகன்று வேறு மாதிரி. மருத்துவர் மூன்றிலிருந்தும் ஓர் இலை கிள்ளிக் கொடுத்து மெல்லச் சொன்னார். கீழாநெல்லியின் கைப்பு உடனே தெரியவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அடிநாக்கில் ஏறியது, ஏறிய பிறகு போகவில்லை.

தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். பழைய புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியத் தாவர நூல்களைச் சரிபார்த்து, நிரூரி என்று நாம் எழுதிவந்தது உண்மையில் அமாரஸ், பிராட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று தனிச் செடிகள் என்று காட்டினார்கள். நம் ஊர்ப் பக்கம் பரவலாக இருப்பது அமாரஸ். மருத்துவர் இன்னொன்றும் சொன்னார், கேட்டதும் எனக்கு ஆச்சரியம். அமாரஸின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்பதுதான் இன்றைய தாவரவியலாளர்கள் பலரின் முடிவு. அப்படியானால் நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள், கிளைக்குக் கீழே காய் காய்க்கும் இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றை ஒரே பெயரில் வைத்திருந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. திண்ணையில் கிடந்த கீழாநெல்லி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டிருந்தன. மண்ணில் நிற்கும் செடியும் இரவில் இப்படித்தான் இலையை மடக்கும் என்றார். அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் பகலில் பாருங்கள்.

புதன், கல்லிடைக்குறிச்சி

காலையில் செங்கோட்டை பாசஞ்சர். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகிற வண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி கன்னடியன் கால்வாய்க் கரையோடு நடந்தேன். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க வரப்புக்கு ஏறியபோதுதான் பேச முடிந்தது. கேட்டு முடிப்பதற்குள் ஒரு அக்கா கையை நீட்டி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேரோடு ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். வரப்பு முழுக்க இதுதான். கையாந்தகரை, பொடுதலை, வல்லாரை, கோரை எல்லாம் கலந்து கிடக்க, நடுநடுவே கீழாநெல்லி நிற்கிறது. மலைக்காட்டுக்குள் இதைத் தேடினால் கிடைக்காது. மனிதர்கள் மண்ணைக் கிளறுகிற இடம்தான் இதற்கு வேண்டும். வரப்பு, வாய்க்கால் கரை, கோவில் பிரகாரத்துக் கல் இடுக்கு, பூந்தொட்டி.

அவர்கள் சொன்ன கைமுறைகளை அப்படியே குறித்துக்கொண்டேன். நீர்க்கடுப்புக்கு ஒரு பிடி சமூலத்தை, அதாவது வேர், தண்டு, இலை, காய் எல்லாவற்றையும் சேர்த்து, கழுவி இடித்து, சீரகம் கொஞ்சம் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பது. வெயில் காலத்தில் உடம்புச் சூட்டுக்கு இலையை அரைத்து மோரில் கலக்குவது. பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால் இலையோடு உப்பு வைத்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் குளிப்பாட்டுவது. உப்பு எரியுமே என்றேன். "எரியத்தான் செய்யும், பிள்ள ஊரையே கூட்டிரும், ஆனா மூணாம் நாளு ஆறிரும்" என்றார் ஒரு மதினி. வெள்ளைப்படுதலுக்கும் இதை மோரில் கொடுப்பது உண்டு என்று இன்னொருவர் என் காதருகே வந்து சொன்னார், ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும். இப்படி மெதுவாகச் சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் வைத்தியம் எழுத்தில் ஏறாமல் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்த மருத்துவ நூல்கள் இதற்குக் கொடுக்கும் செய்கைகளைப் பார்த்தால் இந்தப் பெண்களின் பேச்சோடு அப்படியே பொருந்துகிறது: குளிர்ச்சியுண்டாக்கி, சிறுநீர்பெருக்கி, வீக்கமுருக்கி, துவர்ப்பி. நீர்க்கடுப்பு, சூடு, சிரங்கு, வெள்ளை என்று இவர்கள் தனித்தனியாகச் சொல்வதையெல்லாம் அந்த நான்கு சொற்கள் அடக்கிவிடுகின்றன.

ஆனால் அவர்கள் சொன்னதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறு. அக்கா எனக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, "இத அரைச்சுக் குடிச்சிராதீங்க, சும்மா பாக்கத்தான் தந்தேன்" என்றார். அந்த வரப்புக்குப் போன வாரம்தான் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். சில இடங்களில் புல் மஞ்சளடித்துக் கருகிக் கிடந்தது. முன்பெல்லாம் வரப்பை மண்வெட்டியால் செதுக்குவார்கள், செதுக்கியதை அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்குப் போடுவார்கள். இப்போது ஆள் கூலிக்குப் பயந்து மருந்து அடிக்கிறார்கள். அப்படி அடித்த வரப்பிலும் கீழாநெல்லி பத்து இருபது நாளில் திரும்ப முளைத்துவிடுகிறது, பார்க்கப் பச்சையாக, நன்றாகத்தான் இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எந்த வரப்புக்கு எப்போது அடித்தார்கள் என்பது அதில் வேலை செய்கிற பெண்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இப்போது மருந்துக்குச் செடி வேண்டுமென்றால் அவர்கள் வயல் பக்கமே போவதில்லை. வீட்டுக் கொல்லையில் குழாயடிக்குப் பக்கத்தில் விட்டுவைத்திருப்பதைத்தான் எடுக்கிறார்கள். சாக்கடை ஓரம், ரோட்டு ஓரம், மாடு கட்டும் இடம் இதெல்லாம் முன்பிருந்தே விலக்கு.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஊருக்குள் அப்பளம் காயப்போட்டிருந்தவர்கள் ஓடி ஓடி எடுத்தார்கள். நான் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

வியாழன், அம்பாசமுத்திரம்

இன்று முழுவதும் ஓர் ஆச்சியின் வீட்டு முற்றத்தில். ஊர்ப்பெயரும் அவர் பெயரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காமாலைக்கு மருந்து கொடுக்கிற குடும்பம். மாமியாரிடமிருந்து இவருக்கு வந்திருக்கிறது. காசு வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கு மட்டும். அதிகாலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால் விடியும்போதே போய்விட்டேன்.

முறை எளிதுதான். அன்று காலையில் பிடுங்கிய செடி, வேரோடு, மண் போகக் கழுவியது. அம்மியில் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் மைய அரைக்கிறார். அரைத்ததில் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, வெண்ணெய் எடுத்த மோரில் கரைத்து அங்கேயே குடிக்கச் சொல்கிறார். தொடர்ந்து மூன்று நாள், தேவைப்பட்டால் ஏழு நாள், அதற்கு மேல் இல்லை. பத்தியம்: எண்ணெய், புளி, காரம், கறி மீன் எதுவும் கூடாது, உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மாமியார் காலத்தில் உப்பே கூடாது என்பார்களாம். ஆச்சி அதைத் தளர்த்தியிருக்கிறார். உப்பில்லாமல் சோறு இறங்காது, சோறு இறங்காவிட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. கஞ்சி, இளநீர், பாசிப்பயறு, மோர் சோறு, நன்றாகத் தூக்கம், வெயிலில் அலையக்கூடாது. சாராயம் குடிக்கிறவனாக இருந்தால் இதோடு விட்டுவிடு என்று மனைவியை வைத்துக்கொண்டே சொல்கிறார்.

மருந்தைவிட அவர் மருந்து கொடுப்பதற்கு முன்னால் செய்வதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காலையில் ஒரு அம்மா பதினெட்டு வயது இருக்கும் பையனைக் கூட்டிவந்தார். ஆச்சி அவனை வெளிச்சத்தில் நிறுத்தி கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். "மூத்திரம் என்ன நெறத்துல போகுது? வெளிக்கு எப்படிப் போகுது, வெள்ளையாவா? மேலு அரிக்கா? வாந்தி உண்டா?" என்று வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் விட்டுவிட்டதா, ராத்திரி தூங்குகிறானா, பேச்சில் குழப்பம் உண்டா என்றும் கேட்டார். கடைசியாக, "ரத்தம் குடுத்துப் பாத்தாச்சா? சீட்டு எங்க?" என்றார். அந்த அம்மா பையிலிருந்து எடுத்தார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்தி வாசித்துச் சொன்னாள். ரத்தத்தில் மஞ்சள் நிறமி எவ்வளவு என்று காட்டும் பிலிருபின் எண்ணைக் கேட்டுக்கொண்டு, மருந்து கொடுத்து, ஏழாம் நாள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார், அவர் எவ்வளவோ கெஞ்சியும். மலம் வெளுத்துப் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொன்ன ஒரு பெரியவரையும் தொடவில்லை, வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பித்தநீர் போகும் பாதையில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் காமாலை வரும், அதற்கு எந்தப் பச்சிலையும் உதவாது. அந்த அடைப்பின் அடையாளம்தான் அவர் கேட்ட இரண்டு கேள்வியும். கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டேன். "மாசமா இருக்கிற பிள்ளைக்குக் காமாலன்னா நான் தொடவே மாட்டேன் தாயி, நேரா ஐகிரவுண்டுதான்" என்றார். ஐகிரவுண்டு என்றால் திருநெல்வேலி அரசு மருத்துவமனை, இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் வழியாகப் பரவும் ஹெப்படைட்டிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களின் உயிரையே எடுத்துவிடக் கூடும். ஆச்சிக்கு அந்த வைரஸின் பெயர் தெரியாது. அவருடைய மாமியார் ஒரே வருடத்தில் இரண்டு பெண்களைப் பறிகொடுத்ததைப் பார்த்திருக்கிறார், அதிலிருந்து இந்த வீட்டில் அது விதி.

மனதில் இருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டேவிட்டேன். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்தே கொடுக்காவிட்டாலும் சரியாகிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே ஆச்சி? அவருக்குக் கோபம் வரவில்லை. ஆகும், ஓய்வும் பத்தியமும் இருந்தால் ஆகும், சும்மா வீட்டில் இரு என்று சொன்னால் எவன் இருக்கிறான், மருந்து என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் ஒழுங்காகப் படுக்கிறான், கண்ட கண்ட மாத்திரையைப் போடாமல் இருக்கிறான் என்றார். கல்லீரல் வீங்கியிருக்கும்போது எண்ணெயும் சாராயமும் வலிமாத்திரையும் உள்ளே போகாமல் ஏழு நாள் காத்தாலே அது எவ்வளவு பெரிய காரியம்!

வெள்ளி, குற்றாலம்

அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாக. மலை முழுவதும் மேகம். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அருவிக்கரைக் கடைகளில் மூலிகை எண்ணெய்ப் பாட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன, என்ன போட்டுக் காய்ச்சியது என்று கேட்டால் சரியான பதில் இல்லை. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

தென்காசியில் ஒரு பழைய வைத்தியசாலையில் கீழாநெல்லித் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தேன். கீழாநெல்லி வேர், கருஞ்சீரகம், நற்சீரகம் மூன்றையும் பசும்பால் விட்டு அரைத்து, அந்த விழுதை நல்லெண்ணெயில் கலக்கி, சிறு தீயில் நெடுநேரம் வைக்கிறார்கள். கரண்டியில் எடுத்த கசடை விரலால் தேய்த்தால் மணல் மாதிரி உதிர வேண்டும், அதுதான் பதம். கண் எரிச்சல், தலைச்சூடு, பித்த மயக்கத்துக்கு இதைத் தலையில் தேய்த்து முழுகுவது. எண்ணெய்க் குளியல் அன்று பகல் தூக்கம் கூடாது, குளிர்ந்த சாப்பாடு கூடாது என்ற வழக்கமான விதிகள் எல்லாம் இதற்கும் உண்டு.

மழை விடாததால் சாயங்காலம் அறையிலேயே அடைந்து கிடந்தேன். இந்தச் செடியின் கதையில் நெல்லைக்கு வெளியே நடந்த ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது, அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானவர், பிளம்பெர்க் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை அந்த வைரஸுக்கு எதிராகச் சோதித்தார். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. வைரஸைத் தாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உலர்த்திப் பொடித்த செடியை 200 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி. அந்தக் காலத்தில் இதைப் படித்த எவருக்கும் உடம்பு சிலிர்த்திருக்கும், எனக்கு இப்போது படித்தாலும் சிலிர்க்கிறது, நம் வரப்புச் செடி அவ்வளவு பெரிய இதழில் ஏறியிருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள், அதே பலன் கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, போலி மாத்திரையைவிட இது மேல் என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்று எழுதியது. செடி எந்த மண்ணில் வளர்ந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, எந்த இனம் என்பதெல்லாம் மாறினால் அதிலிருக்கும் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் போன்ற சரக்குகளின் அளவும் மாறும், அது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற விவாதமும் உண்டு. விவாதம் இருக்கட்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி விற்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், 1988 என்ற ஆண்டைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லவே மாட்டார்கள். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் அதை நம்பி மருத்துவரிடம் போவதை நிறுத்தினால், கல்லீரல் சுருங்கிய பிறகுதான் தெரியவரும். அதற்கு நல்ல வைரஸ் தடுப்பு மாத்திரைகள் இன்று இருக்கின்றன. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். தயவுசெய்து போட்டுவிடுங்கள்.

சிறுநீரகக் கல்லுக்கும் இதே குடும்பத்துச் செடியை பிரேசிலில் மக்கள் நெடுங்காலமாகக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். அங்கேயும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. நம்முடைய நீர்க்கடுப்புக் கஷாயமும் அவர்களுடைய கல் கஷாயமும் கடலின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சனி, ராஜபாளையம்

சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம். மூலிகைச் சரக்கு வாங்கி அனுப்பும் ஒரு வியாபாரியின் கிட்டங்கிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் நெடி தலைக்கு ஏறியது. ஆவாரம்பூ, நிலாவாரை, நெருஞ்சில், ஆடாதொடை என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். கீழாநெல்லி மூட்டை ஒன்றை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன்.

காய்ந்த சமூலம் பச்சைச் செடி மாதிரி அடையாளம் காட்டாது. இலை எல்லாம் உதிர்ந்து தூளாகியிருக்கும், மிஞ்சுவது குச்சியும் காய்த்தோலும்தான். வியாபாரி நேர்மையான மனிதர், ஒளிக்காமல் சொன்னார். பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து பெண்கள் பிடுங்கிக் காயவைத்து எடை போட்டுக் கொடுப்பதுதான் இந்த மூட்டை, யார் எதைப் பிடுங்கினார்கள் என்று அவரால் ஒவ்வொரு குச்சியாகப் பார்க்க முடியாது. ஒரு கைப்பிடியைச் சாக்கில் கொட்டி இருவரும் பிரித்தோம். பாளையங்கோட்டையில் பார்த்த அந்தச் சிவந்த தண்டு, சொரசொரப்பான காய், அதுவும் கொஞ்சம் இருந்தது. தென்னிந்தியச் சந்தைகளில் கீழாநெல்லி என்று விற்பதைச் சேகரித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய முக்கால் பங்கு மாதிரிகளில்தான் அமாரஸ் பெரும்பான்மையாக இருந்தது. மீதிக் கால் பங்கில் இதே குடும்பத்து வேறு செடிகள். உயிருக்கு ஆபத்தான கலப்படம் இது இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. ஆனால் மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று துல்லியமாக எழுதி விற்கும்போது, எதனுடைய மில்லிகிராம் என்ற கேள்வி வரத்தானே செய்யும்.

காயவைப்பதிலும் சேதம் நடக்கிறது. நிழலில் பரப்பி, பச்சை நிறம் மாறாமல் உலர்த்த வேண்டும் என்பது பழைய முறை. இந்த மழைக்காலத்தில் அது நாள் கணக்கில் ஆகும், அதனால் தார் ரோட்டில் பரப்பி வெயிலில் கருக்கிவிடுகிறார்கள், அல்லது ஈரத்தோடு மூட்டை கட்டிப் பூஞ்சை பிடிக்கிறது. பிடுங்கித் தரும் பெண்களுக்குக் கிலோவுக்குக் கிடைக்கிற தொகையைக் கேட்டேன். நிழலில் பக்குவமாகக் காயவைக்க அந்தத் தொகைக்கு யாராலும் முடியாது. பக்குவத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தால் பக்குவம் தானாக வரும் என்று அந்த வியாபாரியே சொன்னார், மேலே வாங்குகிற கம்பெனிகள் கொடுப்பதில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறு, சென்னை

காலையில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாளாக அக்கா போனில் ஒரே கேள்வி: அத்தானுக்கு சர்க்கரை இருக்கிறது, ஈரலுக்கு நல்லது என்று தினமும் காலையில் கீழாநெல்லிப் பொடி குடிக்கிறார், குடிக்கலாமா? நான் போன இடங்களில் ஒருவர்கூட இதை நோயில்லாதவர் தினமும் குடிக்கலாம் என்று சொல்லவில்லை. ஆச்சிக்கு ஏழு நாள்தான் எல்லை, பாளையங்கோட்டை மருத்துவரும் நாள்பட எடுப்பதானால் தன் கண்காணிப்பில்தான் என்றார். இது சர்க்கரையையும் குறைக்கக் கூடும், ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அத்தானை நிறுத்தச் சொல்லிவிட்டேன், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பொடிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோகவும் சொன்னேன்.

கண் மஞ்சளாகிற எவரும் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், மழைக்காலத்தில் தண்ணீரில் நடந்தவர்களுக்கு அது வரும், அதற்கு ஆன்டிபயாடிக் தாமதிக்காமல் வேண்டும். பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வரும்போது கல்லிடைக்குறிச்சி மதினி தன் வீட்டுக் கொல்லையில் முற்றின செடி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வழியிலேயே காய் வெடித்து விதை காகிதத்துக்குள் உதிர்ந்திருந்தது. மாடியில் ஒரு அகலத் தொட்டியில் மணல் கலந்த மண்ணைப் போட்டு மேலாகத் தூவிவிட்டேன். ஆழமாகப் புதைக்கக் கூடாது, விதை பொடி போல இருக்கும். வளர்க்க நினைக்கிறவர்கள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், உரம்கூட வேண்டாம். முளைத்து வந்ததும் கிளையைத் திருப்பிக் காயைப் பார்த்து, காம்பு இருக்கிறதா, தோல் வழவழப்பா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.